செபஸ்தியார் தேடி வந்த வீடு

கோரைத்துறையில் செபஸ்தியார் திருநாளை முதல்முறை பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் கொஞ்சம் திகைத்துத்தான் போவார்கள், ஏனென்றால் அங்கே சப்பரத்தில் புனிதர் வருவதில்லை, ஒரு மரம் மட்டும்தான் வரும், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, கிளை இரண்டாகப் பிரிந்து, பச்சைப் பெயிண்ட் அங்கங்கே உதிர்ந்துபோன ஒரு மரம், அதன் அடியில் அவிழ்ந்து கிடக்கிற கயிறு, சுற்றிலும் சீரியல் பல்பு, முன்னால் பேண்டு செட்டு, பின்னால் ஜெனரேட்டர் வண்டி, இத்தனைக்கும் நடுவில் ஆளில்லாத அந்த மரத்தைப் பார்த்து ஊரே உப்பும் மிளகும் வீசிக் கும்பிடும். சாமி எங்கே என்று யாராவது கேட்டுவிட்டால், "அவிய எறங்கிப் போயிட்டாவ" என்பார்கள், பக்கத்து ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனவரைப் பற்றிச் சொல்வதைப் போல, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

முன்பு அப்படி இல்லை. முன்பு அந்த மரத்தில் செபஸ்தியார் கட்டப்பட்டு நின்றார், நெஞ்சிலும் விலாவிலும் தொடையிலும் அம்பு தைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, எந்தக் காலத்திலோ கப்பலில் வந்த சுரூபம், வருடா வருடம் கொடியேற்றத்துக்கு முன்னால் எனாமல் பெயிண்ட் அடித்து அடித்து ரத்தம் நிஜ ரத்தத்தைவிடச் சிவப்பாகிவிட்டிருந்தது. வாந்திபேதி வந்த காலத்திலும் அம்மை வந்த காலத்திலும் அவர்தான் ஊரைக் காப்பாற்றினார் என்பது கோரைத்துறைக்காரர்களின் நம்பிக்கை, நோயெல்லாம் அம்பாக வந்து அவர் உடம்பில் தைத்துக்கொள்ளும், ஊருக்குள் வராது என்பார்கள். இன்னொருவன் உடம்பில் தைக்கிற அம்பைப் பற்றி யாருக்கும் தூக்கம் கெடாது, இந்த ஊரும் அதற்கு விலக்கில்லை.

திருநாளுக்கு முந்தின இரவு கோயில் முற்றத்தில் அவருடைய கதையைக் கூத்தாக ஆடுவார்கள், வாசாப்பு என்று பெயர். உரோமாபுரி ராயன் ஜிகினாக் கிரீடத்தோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான், அவனுடைய படைத்தலைவர் செபஸ்தியார் யாருக்கும் தெரியாமல் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தவர், சிறையில் கிடக்கிற வேதக்காரர்களுக்குத் தைரியம் சொல்வார், ராயனுக்குத் தெரிந்துவிடும், மரத்தில் கட்டி அம்பு எய்யச் சொல்வான், எய்வார்கள், தலை சாயும், திரை விழும், ஜனங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. பழைய ஏட்டில் அதற்குப் பிறகும் இருந்தது, பிணத்தை எடுத்து அடக்க வந்த இரேனம்மாள் என்ற கைம்பெண் அவருக்கு இன்னும் மூச்சு இருப்பதைப் பார்த்து, கட்டவிழ்த்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், அம்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மருந்து போட்டுப் பிழைக்க வைத்தாள் என்று இருந்தது. இரேனம்மாள் வேஷம் கட்டுகிறவன் வெள்ளைச்சேலை உடுத்த வேண்டும், தாலி இல்லாத கழுத்தோடு மேடையில் நிற்க வேண்டும். ஆடுகிறவர்கள் எல்லோரும் கடலுக்குப் போகிற ஆண்கள், நீ அறுத்தவ சேலையைக் கட்டிக்கிட்டு நின்னா அது யாருக்கு வந்து சேரும் என்று அவரவர் வீட்டில் பெண்டாட்டிமார் சண்டை பிடித்தார்கள், ஒரு வருடம் ஆள் கிடைக்கவில்லை, மறு வருடம் அந்தக் காட்சியைத் தாண்டிப் போனார்கள், அப்புறம் அந்தப் பாட்டுத் தெரிந்தவர்களும் செத்துப்போனார்கள். இப்படியாகக் கோரைத்துறையில் மட்டும் செபஸ்தியார் அரை உயிரோடு மரத்திலேயே விடப்பட்டார், கட்டவிழ்க்க ஒரு ஆள் இல்லாமல், தலைமுறை தலைமுறையாக, பூமாலையும் மெழுகுவர்த்தியும் மட்டும் குறைவில்லாமல்.

அந்த ஊரில் எமரென்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் கஸ்பார் ஆனி மாதத்துக் காற்றில் கடலுக்குப் போனவன், கூடப் போன இரண்டு பேரும் தெற்கே ஒரு கரையில் பிணமாக ஒதுங்கினார்கள், கஸ்பார் ஒதுங்கவில்லை. உடல் வராதவனை எப்படிச் செத்தவன் என்பது என்று கேட்டாள் எமரென்சி, கேட்டதோடு நிற்காமல் தினமும் பிச்சிப்பூ வைத்தாள், சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் மாற்றி மாற்றி உடுத்தினாள், ராத்திரி அவன் தட்டில் சோறு போட்டு மூடி வைத்தாள், கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவர்த்தி கொளுத்தப் போனபோது கதவைச் சாத்திக்கொண்டு மீன் குழம்பு வைத்தாள். ஊர்ப் பெண்களுக்கு அவளைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. ஒரு இறந்தோர் பூசை வைத்து, அழுது முடித்து, வெள்ளையை உடுத்தி ஓரமாக உட்கார வேண்டியவள் கண்ணெதிரே பூ வைத்துக்கொண்டு திரிந்தால் மற்றவர்களுக்கு மனசு ஒரு நிலையில் இருக்காது.

ஆனால் எமரென்சியிடம் அவர்களுக்குத் தெரியாத சாட்சிகள் இருந்தன. விடிகிற நேரத்தில், வானம் வெளுக்கும் முன்னால், வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் கஸ்பார் இருமுவது கேட்கும். கொடியில் அவன் போட்டுவிட்டுப் போன சட்டையில் பீடியும் டீசலும் வேர்வையும் கலந்த அவன் வாசனை மாதங்கள் கழிந்தும் குறையாமல் இருந்தது, மூடி வைத்த சோறு காலையில் ஒரு பிடி குறைந்திருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போவார்கள், இல்லையென்றால் சாமியாரை அழைத்துத் தீர்த்தம் தெளிப்பார்கள், இருமல் நின்றுவிடும், நின்றுவிட்டால் அவளுக்கு அப்புறம் ஒன்றுமில்லை.

கொடியேறிய மறுநாள் உச்சிப்பொழுதில், வெயில் மணலைக் காய்ச்சிக்கொண்டிருந்த நேரத்தில், நாய்கூட நிழலை விட்டு நகராத நேரத்தில், கொல்லையில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த எமரென்சி நிமிர்ந்து பார்த்தாள், அலைநுரை ஓரமாக ஒரு ஆள் வந்துகொண்டிருந்தார், இடுப்பில் ஒரு துணி மட்டும், உடம்பெல்லாம் அம்பு, சுடுமணலில் நடக்கிறவர்கள் நடக்கிற மாதிரி காலை எட்டி எட்டி வைத்து, அவசரமில்லாமல். நேரே வந்து வேலியைத் தாண்டி அவள் வீட்டுப் பூவரசு மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். அவரிடம் புதுப் பெயிண்ட் வாசனை அடித்தது.

"யாரு, வாசாப்பு ஆடுதவரா? வேசத்த இப்பமே கட்டிட்டியளா?" என்று கேட்டாள் எமரென்சி.

 அவர் விலாவில் இருந்த அம்பின் ஓரமாக ஒரு சொட்டு ரத்தம் திரண்டு, யோசித்து, காய்ந்துகொண்டிருந்த நெத்திலி மேல் விழுந்தது. அது பெயிண்ட் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது, ஈ வந்து உட்கார்ந்தது.

அதே நேரத்தில் கோயிலைக் கூட்டப் போன பெண்கள் வெறும் மரத்தைப் பார்த்துக் கூப்பாடு போட்டார்கள், மணி அடித்தது, ஊர் திரண்டது, மணலில் கால் தடத்தையும் ரத்தச் சொட்டையும் பார்த்துக்கொண்டே எமரென்சி வீட்டுக் கொல்லைக்கு வந்து சேர்ந்தது. வந்தவர்கள் முட்டி போட்டார்கள், பிறகு சுடுமணல் பொறுக்காமல் எழுந்து நிழல் பார்த்து முட்டி போட்டார்கள். ஊர்த்தலைவர் லாசர், எதையும் முறைப்படி செய்கிற மனிதர், சாமியாரிடம் திரும்பினார்.

"ஃபாதர், இது திருட்டா, புதுமையா, மொதல்ல அதச் சொல்லுங்க. திருட்டுன்னா டேசனுக்குப் போவணும். புதுமைன்னா பந்தல்காரனுக்குச் சொல்லணும்."

பங்குச்சாமியார் வியாகுலம் புதிதாக வந்தவர், நிறையப் படித்தவர், படித்ததில் எதுவும் இந்தக் கொல்லைக்கு உதவாது என்பது அவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனால் செபஸ்தியார் வரலாற்றை முழுதாகத் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான். அவர் அதைச் சொன்னார், அம்பால் அவர் சாகவில்லை என்பதை, இரேனம்மாள் வந்ததை, கட்டவிழ்த்ததை, எல்லாவற்றையும்.

"அப்ப இவிய இங்க எதுக்கு வந்தாவ?" என்று கேட்டார் லாசர்.

"அம்ப எடுக்க," என்றார் சாமியார். பிறகு, சொல்லக்கூடாததைச் சொல்லப்போகிறோம் என்று தெரிந்த குரலில், "கைம்பெண் வீட்டுக்குத்தான் வருவார்," என்றார்.

கோரைத்துறை முழுவதும் ஒரே நேரத்தில் எமரென்சியின் கழுத்தைப் பார்த்தது. தாலி இருந்தது. தலையில் பூ இருந்தது. 

"வீடு மாறி வந்துட்டாவ," என்றாள். "இது புருசன் உள்ளவ வீடு. புருசன் இல்லாத பிரகாசியம்மா வீடு மேக்க இருக்கு, அங்க கூட்டிட்டுப் போங்க." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூட்டிக்கொண்டு போகத்தான் பார்த்தார்கள். வள்ளம் தள்ளுகிற ஆண்கள் நாலு பேர் அவரைத் தூக்கக் கை வைத்தார்கள், வைத்ததும் அவரவர் கையில் ஊசி இறங்கிய மாதிரி வலித்தது, கையை உதறிக்கொண்டு விலகினார்கள், அப்புறம் யாரும் தொடவில்லை. ஊரில் இருந்த கைம்பெண்கள் எல்லோரும், இப்படிப்பட்ட ஊரில் அவர்களுக்கா பஞ்சம், வீட்டைக் கழுவிவிட்டு, வாசலைத் திறந்து வைத்து, பாய் விரித்து, கோழி அடித்து ரசம் வைத்துக் காத்திருந்தார்கள். அவர் எங்கேயும் போகவில்லை. எமரென்சி வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு பூவரசு மரத்தடியிலேயே இருந்தார்.

சாமியார் பைக்கை எடுத்துக்கொண்டு ஆயர் இல்லத்துக்குப் போய்வந்தார், திருநாள் முடிகிற வரைக்கும் பத்திரிகைக்காரர்கள் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊர் கூடிப் பேசி, கொடியை இறக்க வேண்டியதில்லை, நவநாள் நடக்கட்டும், சப்பரத்தில் மரத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. புதுமையைப் பார்க்க வந்தவர்களுக்கு நிழலுக்காகக் கொல்லையில் ஒரு தட்டிப் பந்தல் போட்டார்கள், குடிதண்ணீர்க் குடம் வைத்தார்கள், வேலியோரம் ஒரு சுண்டல்காரன்கூட வந்துவிட்டான். ஆடுகிற பையன்களில் அம்பு எய்கிற வேஷக்காரர்கள் மட்டும் அந்தப் பக்கம் வராமல் வேறு தெருவைச் சுற்றிப் போனார்கள்.

அந்த நாட்களில்தான் வலையில் ஓட்டை மீன் வர ஆரம்பித்தது. சாளையோ, அயிலையோ, ஊளியோ, எந்த மீனாக இருந்தாலும் உடம்பின் நடுவில் சுத்தமாக ஒரு துளை, இந்தப் பக்கம் கண்ணை வைத்தால் அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியும், ஆனால் மீன் உயிரோடு துள்ளும், ரத்தம் வராது. முதல் நாள் பயந்து கடலில் திருப்பி விட்டார்கள், இரண்டாம் நாள் பசித்தது, குழம்பு வைத்துத் தின்றார்கள், ருசி ஒன்றும் மாறவில்லை. வெளியூர் வியாபாரி முதலில் விலையைக் குறைத்தான், அப்புறம் செபஸ்தியார் மீன் என்று பெயர் பரவி அதற்கென்றே ஆள் வர, ஓட்டையில்லாத மீன் ஒன்று தப்பித் தவறி வந்தால் கோபப்பட்டான். ஆனால் கடலில் வள்ளத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்க்கிறபோது கோரைத்துறைக்காரர்களுக்கு அடியில் யாரோ வில்லோடு நிற்கிற மாதிரி இருந்தது.

"அந்தப் பொம்பள கதவத் தொறந்தா எல்லாம் சரியாப் போவும்," என்று தெருவில் சொன்னார்கள், அவளுக்குக் கேட்கும்படி.

கதவைத் திறக்கக்கூடாது என்று சொன்னவள் ஒருத்திதான், கஸ்பாரின் அக்கா செலஸ்தீனாள். தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள், மேலத்தெருவிலிருந்து தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து எமரென்சியோடு தங்கிவிட்டாள்.

"ஏட்டி, நீ கதவத் தொறந்து அந்த அம்புல கைய வச்சன்னா என் தம்பியக் கொன்னுட்டன்னு அர்த்தம். ஊரு ஆயிரம் சொல்லும். தொறக்காத."

"தொறக்க மாட்டேன் மைனி," என்றாள் எமரென்சி. அவளுக்கு அழுகை வந்தது, தன் பக்கம் ஒரு ஆள் இருப்பதே அவளுக்கு அத்தனை மாதங்களில் அன்றுதான் தெரிந்தது. அந்த நெகிழ்ச்சியில் அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள், சோற்றை, சட்டையை, இருமலை. செலஸ்தீனாள் சட்டையை எடுத்து முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள், ஆமாம் என்று தலையாட்டினாள், இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள்.

விடியும் முன்னால் இருமல் வந்தது. கிணற்றடியில், எப்போதும் வருகிற இடத்தில், முதலில் ஒன்று, பிறகு தொடர்ந்து. எமரென்சி இருட்டில் சிரித்தாள், மதினியின் கையை அழுத்தினாள். 

"கேட்டியளா மைனி?"

"கேட்டேன்."

"அவியதான?"

"அவந்தான்," என்றாள் செலஸ்தீனாள். அடுத்த இருமலுக்கும் காது கொடுத்துவிட்டுச் சொன்னாள், "அவன் இருமல எனக்குத் தெரியாதாட்டி, பீடி இருமலு எப்படி இருக்கும்? இது அது இல்ல. இது தண்ணி குடிச்சவன் இருமலு. சின்ன வயசுல ஒருக்கா அலையில மாட்டித் தூக்கிப் போட்டப்ப இப்படித்தான் இருமுனான். எம்புள்ள மூச்சு முட்டிப்போய் நிக்கான் எமரென்சி. தெனமும் நிக்கான். நாமதான் அவன விடாமப் புடிச்சு வச்சிருக்கோம்."

எமரென்சி எழுந்து உட்கார்ந்தாள். இருமல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது, நடுநடுவே மூச்சை இழுக்கிற சத்தம், இழுத்தும் போதாமல் மறுபடி இழுக்கிற சத்தம், அதை அவள் இத்தனை மாதம் தாலாட்டுக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். தெரியாமல் இல்லை. முதல் நாளே அவளுக்குத் தெரியும், வேறு மாதிரி இருக்கிறதே என்று நினைத்தாள், நினைத்ததை அப்படியே மூடி வைத்தாள். அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கஸ்பார் மேல் இரக்கமாக இருந்தது, இரண்டையும் சுமந்துகொண்டு வெளுக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

வெயில் ஏறியதும் கதவைத் திறந்தாள். பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நேரே போய் அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள், எந்த வலியும் இல்லை, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்குகிற கனம்தான் இருந்தது. உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கஸ்பாரின் பாயில் படுக்க வைத்தாள்.

முதல் அம்பு தொடையில் இருந்தது. தேங்காயெண்ணெயைச் சுற்றிலும் தடவி, மெல்ல அசைத்துப் பிடுங்கினாள், வலியில் கத்தியது அவர் இல்லை, அவள்தான். மறுநாள் விடியும் முன்னால் கிணற்றடியில் இருமல் வரவில்லை. அந்த அமைதியில் அவள் படுத்துக்கொண்டே, இனி கஸ்பாருக்கு மூச்சு முட்டாது என்று நினைத்தாள், இனி அவன் கிணற்றடிக்கு வரமாட்டான் என்றும் நினைத்தாள். விலாவில் இருந்ததைப் பிடுங்கினாள், தட்டில் வைத்த சோறு வைத்தபடி காய்ந்துபோய்க் கிடந்தது. தோளில் இருந்ததை எடுத்தாள், சட்டையை மோந்தாள், பழைய துணி வாசனை மட்டும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்று அவளுக்குத் தெரிந்துபோனது, தெரிந்தும் மஞ்சளை அரைத்தாள், வெந்நீர் வைத்தாள், துணி கிழித்துக் கட்டினாள், செலஸ்தீனாள் பக்கத்தில் இருந்து எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். ஊர்ப் பெண்கள் வாசல் வரை முட்டையும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எட்டிப் பார்க்காமல் போனார்கள்.

நெஞ்சில் இருந்தது கடைசி அம்பு. எமரென்சி அதைப் பிடித்தாள், இழுக்கவில்லை. அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"இத எடுத்தா அவிய சுத்தமாப் போயிருவாவ, இல்லியா?" என்று கேட்டாள்.

அவர் இல்லை என்று சொல்லவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஆறுதலுக்காவது ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். எமரென்சி கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். அம்பு கையோடு வந்தது, ஒரு சத்தமும் இல்லாமல். கண்ணைத் திறந்தபோது வீடு வெறும் வீடாக இருந்தது, சுவர், கொடி, அடுப்பு, இரண்டு பெண்கள், பாயில் படுத்திருந்த செபஸ்தியார், கஸ்பார் மட்டும் எங்கேயும் இல்லை. அன்று சாயங்காலம் பிச்சிப்பூக்காரி வாசலில் கூப்பிட்டாள், எமரென்சி வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள், தெருவில் அது காற்றைவிட வேகமாகப் பரவியது.

அதற்குள் வலையில் முழு மீன் வர ஆரம்பித்துவிட்டது. ஊருக்கு நிம்மதி, வியாபாரிக்கு வருத்தம். லாசர் சப்பரத்தைப் பற்றிப் பேசச் சாமியாரிடம் போனார், ஆறின புண்ணோடு செபஸ்தியாரை மரத்தில் நிறுத்தினால் பார்க்க நன்றாக இருக்குமா, பெயிண்டிலாவது ஒன்றிரண்டு ரத்தம் போட்டுக்கொள்ளலாமா என்பது அவருடைய கவலை.

"அவர் மரத்துக்குத் திரும்பி வரமாட்டார்," என்றார் சாமியார். "கதையில இன்னும் கொஞ்சம் இருக்கு. கொணமானதும் ஒளிஞ்சு போயிருன்னு எல்லாரும் சொன்னாங்க. அவர் போகல. தன்னக் கொல்லச் சொன்ன ராயன்கிட்டயே போய், அவன் வாற வழியில நின்னு, மூஞ்சிக்கு நேரா நியாயம் கேட்டார். தடியால அடிச்சே கொன்னாங்க. இந்தத் தடவ பிழைக்கல."

"இங்க ராயன் யாரு ஃபாதர்? கலெக்டரா?"

சாமியார் கடல் பக்கம் திரும்பினார். இருவரும் கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள், அங்கே நின்றால் கடல் சத்தம் தவிர வேறு ஒன்றும் கேட்காது. லாசர் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுவிட்டுத் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

செபஸ்தியார் எழுந்ததும் உச்சிப்பொழுதில்தான். புண்ணெல்லாம் காய்ந்து வெளுத்த தழும்பாகியிருந்தது. வாசலுக்கு வந்தவரை எமரென்சி நிலைப்படியில் நின்று மறித்தாள். சாமியார் சொன்னது அவள் காதுக்கும் வந்திருந்தது.

"போவாதிய," என்றாள். "நல்லாத்தான இருக்கிய இப்ப. ஒருத்தர அனுப்பிட்டு நான் பட்டது போதும். இன்னொருத்தர அனுப்ப என்னால ஏலாது."

அவர் அவள் தலையில் கை வைத்தார். கனமான, வெதுவெதுப்பான, உழைத்துக் காய்த்த கை. அவள் விலகிவிட்டாள், எப்படி விலகினாள் என்று அவளுக்கே பிற்பாடு தெரியவில்லை.

கடல் அன்றைக்கு எண்ணெய் ஊற்றி வைத்தது போல அசையாமல் கிடந்தது. முழங்கால் தண்ணீரில் போய் நின்று அவர் பேசினார், அந்த ஊருக்கு வந்த பிறகு முதல்முறையாக வாயைத் திறந்தார், கரையில் வரிசையாக நின்றவர்கள் உதடு அசைவதைப் பார்த்தார்கள், சொல் கேட்கவில்லை. கடலைச் சபித்தார் என்று லாசர் பிற்பாடு சொன்னார், லத்தீனில் ஜெபம் சொன்னார் என்று வேறு சிலர் சொன்னார்கள், ஊர்க் கமிட்டி இரண்டையும் சேர்த்து ஒன்றாக ஏற்றுக்கொண்டது. பின்னாலேயே வந்து பக்கத்தில் தண்ணீருக்குள் நின்றிருந்த எமரென்சிக்கு மட்டும் கேட்டது. "குடுத்துரு" என்றார், அவ்வளவுதான், அவர்கள் ஊர்ப் பேச்சில்.

பிறகு கடல் எழுந்தது. அது புயலில்லை, காற்று துளியும் இல்லை, கரையில் துணிகூட ஆடவில்லை, அவர் நின்ற இடத்தில் மட்டும் தண்ணீர் உயர்ந்து உயர்ந்து அவர் மேல் விழுந்தது, ஈரச் சாக்கைத் தடியால் அடிக்கிற சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், அடிக்கிறவனுக்கு நேரம் நிறைய இருக்கிற மாதிரி. ஜனங்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள், அப்புறம் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தி டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டார்கள், அடுத்த வீட்டுக்காரன் பெண்டாட்டியை அடிக்கிறபோது செய்கிற அதே காரியம். எமரென்சி போகவில்லை. மாலைவரைக்கும் சத்தம் கேட்டது, அவள் ஒரு அடியையும் விடாமல் பார்த்தாள், பார்க்க ஒரு ஆளாவது இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. இருட்டுகிற நேரத்தில் சத்தம் நின்றது, தண்ணீர் மறுபடி தட்டையாகக் கிடந்தது, அங்கே யாருமில்லை.

காலையில் கரையில் ஒரு உடல் ஒதுங்கியிருந்தது. செபஸ்தியார் ஒதுங்கிட்டாவ என்று யாரோ கத்தினார்கள், கோயில் மணி அடித்தது, சாமியார் அங்கியை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார், லாசர் பேண்டு செட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டு, பட்டுத்துணியும் பன்னீரும் எடுத்துக்கொண்டு வந்தார். கூட்டம் வழிவிட்டது, எமரென்சியும் செலஸ்தீனாளும் நடந்து வந்தார்கள். கவிழ்ந்து கிடந்த உடலைச் செலஸ்தீனாள்தான் புரட்டினாள், புரட்டியவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

கஸ்பார். ஆனி மாதத்தில் போனவன், தை மாதத்துக் காலையில், ஒரு மீன்கூடத் தொடாமல், நேற்று ராத்திரி போன ஆள் போலக் கிடந்தான், தலைமயிரில் மணல், இமையில் உப்பு. லாசர் பட்டுத்துணியை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். செபஸ்தியார் அன்றும் ஒதுங்கவில்லை, அதற்குப் பிறகும் ஒதுங்கவில்லை.

தாலியைக் கழற்றுகிற முறைக்கு உரிய பெண்கள் முன்னால் வந்தார்கள், எமரென்சி கையைக் காட்டி அவர்களை நிறுத்தினாள். மணலில் உட்கார்ந்தாள். அவன் தலையை எடுத்து மடியில் வைத்து, முந்தானையால் முகத்து மணலைத் துடைத்தாள்.

"வந்துட்டியளா," என்று கேட்டாள், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலேறுகிற புருஷனிடம் அந்த ஊரில் எந்தப் பெண்ணும் கேட்கிற சாதாரணக் குரலில். "ஏன் இம்புட்டு நேரம்?"

பதில் வராது என்று தெரிந்துதான் கேட்டாள். கேட்டு முடித்த பிறகு வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.